ஆணி அடிக்கலாமா?

புது வீட்டுக்குக் குடிபோன அன்று சாயங்காலம் அம்மா கேட்ட ஒரு கேள்வி இத்தனை வருடமாகியும் என்னை விடவில்லை. அது 2018ஆம் ஆண்டு, இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். காலையில் பால் காய்ச்சியாகிவிட்டது, வந்தவர்களுக்குச் சோறு போட்டாகிவிட்டது, நாங்கள் அதுவரை இருந்த லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, கடைசி மூட்டையும் வந்து சேர்ந்துவிட்டது. அண்ணி புதுக் குசினியில் அடுப்பை எங்கே வைப்பதென்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் அப்பாவின் படத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நடு அறையில் நின்றார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏம் புள்ள, இதுல ஆணி அடிக்கலாமா? இல்ல ஆபீஸ்ல ஒரு வார்த்த கேக்கணுமா?"

அண்ணன் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. "இது நம்ம வீடும்மா, யார்ட்டயும் கேக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, விறகு வெட்டும் கத்தியின் பின்புறத்தால் நானே ஓர் ஆணியை அடித்தேன். புதுப் பூச்சு ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. அம்மா சட்டென்று வாசலுக்குப் போய் ரோட்டை மேலும் கீழும் பார்த்தார். யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் திரும்பி வந்து படத்தை என் கையில் கொடுத்தார்.

அம்மா பதினாறு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்தவர். நாற்பத்தொரு வருடம் கொழுந்து பறித்த கை அது. அந்தக் கை தன் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க யாரிடமோ அனுமதி தேடுகிறதே என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இது பழக்கத்தால் வந்த பயம், தலைமுறை தலைமுறையாக ஊறிப்போனது, போகப் போகச் சரியாகிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நான் படித்தவள், ஆசிரியை. எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

அப்பா கட்டிய குசினி

லயத்தைப் பற்றி இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் காம்பரா என்கிற ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு திண்ணை. எங்களுடையது இரட்டை லயம். பக்கத்துக்குப் பன்னிரண்டு காம்பராவாக முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். பின் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் படுத்திருக்கிறது. நடுச்சுவர்களும் கூரை வரைக்கும் எழும்பியிருக்காது. ஒரு காம்பராவில் பிள்ளை இருமினால் நாலு காம்பரா தள்ளி இருப்பவர் "அந்தப் புள்ளைக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க" என்று படுத்தபடியே குரல் கொடுப்பார். அதை அன்பு என்று சொல்லலாம், நானும் பல தடவை அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் அதே இடைவெளி வழியாகத்தான் தீயும் போகும். ஒரு காம்பராவில் ஒயர் பற்றினால் முழு லயமும் போய்விடும். வருடத்துக்கு எத்தனை தடவை அப்படிச் செய்தி பார்க்கிறோம்!

எங்களுடையது கோடிக் காம்பரா. அதனால் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பக்கச் சுவர் எங்களுக்கு மிச்சம், அதற்கு வெளியே ஆறடி நிலம். 1996இல் எனக்குப் பதினொரு வயது. அப்பாயி, அப்பா, அம்மா, அண்ணன், நான், தம்பி என்று ஆறு பேர். இஸ்தோப்பின் ஒரு மூலையை மறைத்துத்தான் அடுப்பு. மழை நாளில் ஈர விறகுப் புகை முழுதும் காம்பராவுக்குள் இறங்கும். அப்பாயி இரவெல்லாம் உட்கார்ந்தபடி இருமிக்கொண்டிருப்பார். அந்த வருடம் தீபாவளி முற்பணத்தில் எங்களுக்குத் துணி எடுக்கவில்லை. அப்பா ஹட்டனுக்குப் போய் எட்டுத் தகரம் வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, அந்த ஆறடி நிலத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து ஒரு குசினி கட்டினார். கருப்பந்தேயிலை, அதாவது யூக்கலிப்டஸ் மரக் கட்டைகள்தான் தூண். அம்மா தரையை மண் போட்டு மெழுகினார். முதல் நாள் அதில் ரொட்டி சுட்டுச் சம்பலும் அரைத்துத் தந்தார். காம்பராவுக்குள் புகை இல்லாமல் நாங்கள் படுத்த முதல் இரவு அது. அப்பாயி தூங்கினார்.

நாலாம் நாள் கணக்கப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் அப்பாவை நிறுத்தி ஒரு துண்டு கொடுத்தார்கள். கேட்காமல் கட்டியது, ஏழு நாளில் அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேலையும் இல்லை, வழக்கும் வரும். அப்பா ஏழு நாள் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே கழற்றினார். சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. ஆனால் கழற்றுவது கட்டுவதைவிடச் சிரமமாக இருந்தது. கட்டையில் இறங்கிய ஆணியை நெம்பும்போது ஒவ்வொரு இடத்திலும் தகரம் கிழிந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி ஒரு பால்மா டின்னில் போட்டுக்கொண்டிருந்தார். கிழிந்த தகரத்தைக் கூரைக்குப் போட முடியாது. மரக்கறித் தோட்டத்துக்கு வேலியாக அடித்தோம். தகரம் வேலிக்குப் போன பிறகும் அது வாங்கிய முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்பட்டது.

தோட்டத்து மேலாளரை நாங்கள் துரை என்போம். அந்தத் துரை கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் வேறு யார் இருந்தாலும் அந்தத் துண்டுதான் வந்திருக்கும். 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசிடம் போயின, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. கைமாறியது எல்லாம் மேலே. கீழே காம்பராவுக்கும் அதில் படுத்திருப்பவருக்கும் உள்ள சம்பந்தம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தபடியே இருந்தது. காம்பரா தொழிலோடு ஒட்டியது. வேலைக்கு ஆள் அனுப்புகிற குடும்பத்துக்குத்தான் கூரை. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளை, "தோட்டத்துல ஒரு பேராவது இருக்கட்டும்டா, இல்லாட்டி காம்பராவக் கேப்பாங்க" என்று திரும்பக் கூப்பிட்ட தாய்மார் எத்தனை பேர்! எங்கள் அண்ணனே அப்படி ஒரு வருடம் திரும்பி வந்தவர்தான்.

ஏழு பேர்ச்

என் வாழ்நாளில் எத்தனையோ வீட்டுத் திட்டங்களைப் பார்த்துவிட்டேன். தொண்ணூறுகளில் சேமலாப நிதியைப் பிணை வைத்துக் கடன் எடுத்துக் கட்டிய வீடுகள் வந்தன. சம்பளத்தில் கடனும் கழிந்தது, நிலம் மட்டும் கைக்கு வரவில்லை. பிறகு மாடி வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். மண் இல்லாத மாடி எங்களுக்கு வேண்டாம் என்று மக்களே சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். பழைய லயத்துக்குக் கூரை மாற்றுவது, மலசலகூடம் கட்டுவது என்பதும் அவ்வப்போது நடந்தது. அதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூரை ஒழுகாத ஒரு மழைக்காலம் எவ்வளவு பெரியது என்று ஒழுகும் கூரைக்குக் கீழே சட்டி வைத்துப் படுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மேல் இறங்கியது. பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். "இங்கே இருக்காதே, போ" என்றால் போவதற்கு ஓர் இடம் வேண்டும். சொந்தமாக ஓர் அடி மண் இல்லாத மனிதனிடம் "போ" என்று சொல்வது எச்சரிக்கை ஆகுமா?

அதற்குப் பிறகுதான் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற பேச்சு வேகம் பிடித்தது. 2015க்குப் பிறகு மலைநாட்டுப் புதிய கிராமங்கள் அமைச்சு வந்தது, பசுமை பூமி என்ற பெயரில் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், கொடுக்கும் திட்டமும் வந்தது. இந்திய உதவியில் 4,000 வீடுகள், வீட்டுக்கு 9 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். 2017 மே மாதம் நோர்வூட்டில் இன்னும் 10,000 என்று அறிவித்தார்கள். லயம், டிவிசன் என்ற சொற்கள் போய்க் கிராமம் என்ற சொல் வந்தது. ஏக்கருக்கு 160 பேர்ச். அப்படியென்றால் ஓர் ஏக்கரில், பாதைக்கு விட்டது போக, இருபது குடும்பமாவது குடியிருக்கலாம். எத்தனையோ ஏக்கர் தேயிலை கைவிடப்பட்டுக் காடேறிக் கிடக்கிற தோட்டங்களில் இந்தக் கணக்கு ஒன்றும் பெரிய கணக்கு இல்லை. இப்போது பத்து பேர்ச் வேண்டும் என்று கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன்.

எங்கள் வீடு அந்த அலையில் கிடைத்தது. 550 சதுர அடி: இரண்டு அறை, நடு அறை, குசினி, உள்ளேயே மலசலகூடம். இந்த வீட்டைப் பற்றிக் குறையாக ஒரு வரி எழுதுவதற்கு முன் நல்லதை எழுத வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. லயத்தில் இருந்தபோது இரவில் இருபத்தேழு படி இறங்கி, டோர்ச் வெளிச்சத்தில் கக்கூசுக்குப் போய்வர வேண்டும். அட்டை கடிக்கும், மழையில் வழுக்கும். அதனால் மாலை நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தியிருந்தார். புது வீட்டில் இரவு எட்டு மணிக்கு ஒரு பிளேன் டீ கேட்டு வாங்கிக் குடித்தார். இன்னொன்று. மலையிலிருந்து நனைந்து வந்த அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திச் சேலை மாற்றினார். அம்பத்தேழு வயதில், கதவு சாத்திய ஓர் அறையில், தனியாக. லயத்தில் பெண்கள் எப்படி உடை மாற்றுவார்கள் என்பதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அந்தக் கதவு சாத்தும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

குறை என்று சொன்னால், ஒரு காம்பராவுக்கு ஒரு வீடு என்பதுதான் கணக்கு. ஆனால் ஒரு காம்பராவில் எங்கே ஒரு குடும்பம் இருக்கிறது? எங்கள் காம்பராவில் அப்போது அம்மா, நான், அண்ணன் குடும்பம், புதிதாகக் கலியாணம் முடித்த தம்பியும் அவன் மனைவியும். பட்டியலில் பேர் அம்மாவுடையது. இஸ்தோப்பில் உட்கார்ந்து ஓர் இரவு முழுக்கப் பேசினோம். கடைசியில் தம்பி, "அண்ணனுக்குப் புள்ளைங்க இருக்கு, நீங்க போங்க, நாங்க இங்கயே இருக்கோம்" என்றான். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். 2025 புயல் வரைக்கும் அவன் அந்தக் கோடிக் காம்பராவில்தான் இருந்தான். சில வீடுகளில் இதே பேச்சு வெட்டுக் குத்தில் முடிந்திருக்கிறது. இரண்டு பிள்ளைகளில் யாருக்கு வீடு என்று தாயைத் தீர்ப்புச் சொல்ல வைக்கும் திட்டம் எதுவானாலும் அது பாதித் திட்டம்தான்.

மேடையில் சொன்னது

எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடம் என்று 2023இல் மலையகம் 200 என்ற பெயரில் ஊர் ஊராக நிகழ்வுகள் நடந்தன. அவர்கள் வந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து போனார்கள். எங்கள் பக்கத்திலும் ஒரு மண்டபத்தில் கூட்டம். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் ஆணிக் கதையைச் சொன்னேன். அம்மா சுவரைப் பார்த்து நின்றதை, ரோட்டை எட்டிப் பார்த்ததை எல்லாம் விவரித்து, "வீட்டை மாற்றிவிட்டோம், மனதை இன்னும் மாற்றவில்லை, எங்கள் தாய்மாரின் மனதுக்குள் இன்னும் ஒரு துரை உட்கார்ந்திருக்கிறார்" என்று முடித்தேன். நல்ல கைதட்டல். கீழே இறங்கியதும் இரண்டு மூன்று பேர் வந்து, "டீச்சர், எங்க அம்மாவும் அப்படித்தான்" என்றார்கள். நான் பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்ன நினைப்பில் வீட்டுக்கு வந்தேன்.

அதே வருடம் அண்ணன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இன்னோர் அறை இறக்கலாம் என்று முடிவு செய்தோம். 2022 நெருக்கடியில் ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு விற்ற சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருந்து, கையில் இருந்ததோடு வங்கியில் ஒரு கடனும் எடுக்கலாம் என்று நினைத்தோம். மேசன் பாஸ் வந்து அளந்தார். அம்மா அவரிடமும் அதையே கேட்டார்: "ஆபீஸ்ல கேட்டாச்சா?" எனக்குக் கோபம் வந்தது. "நான் போய் எல்லாம் சரிபண்ணிட்டு வாரேன்மா" என்று ஒரு நாள் லீவு போட்டுக் கிளம்பினேன்.

வங்கியில் காணி உறுதி கேட்டார்கள். பிரதேச சபையில் பிளான் பாஸ் பண்ணுவதற்கு அதையே கேட்டார்கள். அங்கே இருந்த பையன் மரியாதையானவன், என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் அண்ணன். அவன் முன்னால் எங்களிடம் இருந்ததையெல்லாம் வைத்தேன்: அம்மா பேர் இருக்கும் பயனாளி கடிதம், சாவி வாங்கும்போது எடுத்த படம், தண்ணீர் பில், கரண்ட் பில். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "டீச்சர், இது வீடு கிடைச்சதுக்கு அத்தாட்சி. காணி அம்மாவோடதுன்னு சொல்றதுக்கு இதுல ஒரு தாளும் இல்லியே." தோட்ட ஆபீசில், அந்தக் காணியை எப்போதோ விட்டுக்கொடுத்தாகிவிட்டது, இனி அவர்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். மேலே இன்னோர் அலுவலகத்தில், நில அளவை முடியவில்லை, முடிந்ததும் உறுதி வரும் என்றார்கள். எப்போது என்று கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர்தான், அவருக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இருட்டிவிட்டது, நல்ல மழை. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. மடியில் அந்த ஃபைல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா பயந்து கேட்கவில்லை. விவரம் தெரிந்து கேட்டிருக்கிறார். இந்தச் சுவர் யாருடையது, இதில் கை வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது ஒரு வழக்கறிஞர் கேட்கும் கேள்வி. பதினாறு வயதிலிருந்து அந்த மண்ணில் நின்ற ஒரு பெண், சாவி கையில் வந்த அன்றே, சாவி வேறு, காணி வேறு என்று கண்டுபிடித்துக் கேட்ட கேள்விக்கு, பட்டம் வாங்கிய நான் "இது நம்ம வீடும்மா" என்று ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். அது பதிலே இல்லை. அதோடு நின்றேனா, மண்டபம் நிறைந்த கூட்டத்தில் அந்தக் கேள்வியை அடிமைப் புத்தி என்று வேறு சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பயணத்தில் எனக்கு வந்த வெட்கம் போல் இன்னொரு வெட்கம் இல்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா ஆச்சரியப்படவே இல்லை. தலை துவட்டத் துவாய் எடுத்துக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒங்கப்பா கேக்காமக் கட்டுனாரு. கேட்டுட்டுக் கட்டுனா யாரும் கழட்டச் சொல்ல மாட்டாங்கன்னு அன்னைலருந்து ஒரு நெனப்பு. அதுக்குத்தான் கேட்டேன்."

அன்றிலிருந்து வீடு என்ற சொல்லை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். நல்ல சுவர், நல்ல கூரை, உள்ளே மலசலகூடம், இதெல்லாம் மனிதன் மனிதனாக வாழத் தேவை. ஆனால் அந்தச் சுவருக்குக் கீழே இருக்கும் மண் பேரில் இல்லையென்றால் அது கொஞ்சம் பெரிய காம்பரா. கடன் எடுக்க முடியாது, ஓர் அறை கூட்ட முடியாது, தாய்க்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கு என்று எழுதி வைக்க முடியாது. கல்வியியற் கல்லூரிக்கு எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்ட ஆபீசில் ஒன்பது நாள் கிடந்தது. லயத்துக்கு ஒரு வீட்டு இலக்கமும் வீதிப் பேரும் இல்லாததுதான் காரணம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புக்குச் செலவழிக்கத் தடையாக முப்பது வருடம் கிடந்தது, 2018இல்தான் திருத்தினார்கள். அதே வீதியில், அதே மழையில், நாட்டுக்குப் போடும் ரோட்டும் லைட்டும் தோட்ட எல்லையில் வந்து நின்றதன் காரணம் இதுதான். எங்கள் ஆட்களிடம் பறித்த குடியுரிமையில் மிச்சம் இருந்ததைத் தீர்க்கவே 2003 வரை ஆனது. இந்த வரிசையில் அடுத்தது மண். இதை யாரும் எங்களுக்குச் செய்யும் உபகாரமாக நான் நினைக்கவில்லை. அந்த உறுதியில் பெண்ணின் பேரும் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த மண்ணில் கூடை சுமந்து அதிகம் நின்றவர்கள் அவர்கள்தான்.

பொலித்தீன் பை

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. அந்த மழையை நான் விவரிக்கத் தேவையில்லை, நாடே பார்த்தது. 27ஆம் திகதி இரவு கரண்ட் போய்விட்டது. பின்னால் மலையை வெட்டித்தானே இந்த வீடுகளை வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். வெட்டிய மண்ணுக்கு மதில் இல்லை, தண்ணீர் போக ஒழுங்கான கானும் இல்லை. மண் இறங்கும் சத்தம் கேட்டது. வெளியே வரும்போது நான் கைபேசியை எடுத்தேன், அண்ணன் பிள்ளைகளைத் தூக்கினார். அம்மா ஒரு பொலித்தீன் பையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் விடிந்த பிறகு அதைத் திறந்து பார்த்தேன். அடையாள அட்டைகள், சேமலாப நிதிப் புத்தகம், அந்தப் பயனாளி கடிதம், சாவி வாங்கும் படம். உறுதி இல்லாத வீட்டுக்கு இருக்கும் எல்லாத் தாளும்.

எங்கள் வீடு தப்பியது. குசினிச் சுவர் வரைக்கும் சேறு வந்து நின்றது. தம்பியின் லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருந்ததால் அங்கே திரும்பிப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் எங்களோடு வந்தார்கள். பத்துப் பேர், 550 சதுர அடி. புயலுக்குப் பிறகு நஷ்டஈடு, மாற்றுக் காணி என்று நிறையப் படிவங்கள் வந்தன. ஒவ்வொரு படிவத்திலும் காணி உரிமையாளர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. பக்கத்து லயத்து அக்கா ஒருவர் என்னிடம் நிரப்பக் கொண்டுவந்தார். அவருடைய அப்பாயி பிறந்ததும் அந்த லயத்தில்தான். அந்தக் கட்டத்துக்கு மேல் பேனையைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்ததும் அந்த அறையை இனித் தள்ளிப்போட முடியாது என்றாகிவிட்டது. கல் வைத்துக் கட்ட அனுமதி இல்லை, சரி, தகரத்திலாவது ஒன்று இறக்குவோம் என்று அண்ணன் பன்னிரண்டு தகரமும் நாலு இரும்புக் குழாயும் வாங்கி வந்தார். பாஸ் வந்து ஆணிப் பெட்டியைத் திறந்தார். அம்மா அதுவரை திண்ணையில் உட்கார்ந்து கொச்சிக்காய் ஆய்ந்துகொண்டிருந்தவர், சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"பாஸ், ஆணி வேணாம். ஓட்ட போட்டு போல்ட்டு முடுக்குங்க. கழட்டுறப்போ தகரம் கிழியாது."